உடையறதுக்குன்னு ஒரு ஆணி

அந்த வண்டி எங்கள் வாசலில் வந்து நின்ற அன்றைக்குப் பக்கத்துக் குடோனில் தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். சோமனூர்ப் பக்கம் பட்டப்பகலில் தறிச் சத்தம் நிற்கிறதென்றால் ஒன்று கரண்டு போயிருக்க வேண்டும், இல்லை யாராவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் வண்டிக்காக நின்றது. பட்டாளத்தில் வருசக்கணக்காக ஓட்டி, இனி ஆகாது என்று கழித்து, ஏலத்தில் விட்ட ஒரு டன் பிக்கப். பச்சைப் பெயிண்ட், கண்ணாடி ரெண்டாக மடிகிற முன்பக்கம், நாலு சக்கரமும் இழுக்கிற கியர். பம்பருக்கு நடுவில் இரும்புக் கயிறு சுற்றிய உருளை ஒன்று. அதுதான் வின்ச்சு. அதுக்காகத்தான் என் வீட்டுக்காரர் அந்த வண்டியையே எடுத்தார்.

அவர் மில்லில் ஃபிட்டர். தொண்ணூறுகளின் நடுவில் மில்லை மூடிவிட்டார்கள். நான் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தவள். அந்த வருசங்களில் மழையே இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் போர் போட்டார்கள். போருக்குள் இறக்கிய மோட்டார் கருகிக் கருகி நின்றது. கருகின மோட்டாரை வெளியே எடுக்க, போர் வாயில் முக்காலி நட்டு, கப்பியில் கயிறு போட்டு, ஏழெட்டுப் பேர் கூடி இழுக்க வேண்டும். இந்த வின்ச்சுக் கயிற்றை முக்காலியின் காலடியில் ஒரு கப்பி, உச்சியில் ஒரு கப்பி என்று போட்டு இழுத்தால் நாங்கள் ரெண்டு பேரே போதும் என்றார். அவர் போர் வாயில் நின்று குழாயைப் பார்த்துக்கொள்வார். நான் வண்டிக்குள் உட்கார்ந்து கிளச்சையும் லிவரையும் பார்த்துக்கொள்வேன். ரோட்டில் வண்டி ஓட்ட எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. நின்ற இடத்தில் வின்ச்சை ஓட்டச் சொன்னால் மட்டும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அடக்கமெல்லாம் நமக்கு வராது.

வண்டியைப் பிரித்துப் பார்த்த அந்த ரெண்டு மாசம் எனக்கு மறக்கவே மறக்காது. கோயமுத்தூரில் லேத்து வைத்திருந்த என் தம்பி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவான். மூணு பேரும் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக்கொண்டு உட்காருவோம். கழுவக் கழுவ எனக்கு வாய் பிளந்துபோனது. ஒவ்வொரு முக்கியமான போல்ட்டின் தலையிலும் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, அதில் கம்பி கோர்த்து, முறுக்கி, அடுத்த போல்ட்டோடு கட்டியிருந்தது. ஒன்று தளர நினைத்தால் மற்றது விடாது. முறுக்கு எல்லாம் ஒரே அளவு, சடை பின்னின மாதிரி. பெயிண்டைச் சுரண்டினால் பச்சைக்குக் கீழே மண் நிறம், அதுக்குக் கீழே மறுபடி பச்சை. எந்த மலையில் ஏறியதோ, எந்த மணலில் புதைந்து எழுந்ததோ. யாரோ முகம் தெரியாத ஆட்கள் வரிசையாக வந்து, இதே இடத்தில் குனிந்து, இதே கம்பியை முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தபோது மேலெல்லாம் புல்லரித்துப் போனது. வீட்டுக்காரர் சிரித்தார். பட்டாளத்தில் சண்டை இல்லாத நாளில் யாருக்கோ பொழுது போகவில்லை போலிருக்கு என்றார்.

பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டினோம். எதுவும் எதோடும் பொருந்தவில்லை. தம்பி அளவெடுத்துக்கொண்டு போவான், அடுத்த வாரம் சாமானோடு வருவான். கடையில் கிடைக்காத எதையும் கடைந்து எடுத்துவிடலாம் என்பது எங்கள் ஊர்ப் பக்கத்து எண்ணம். அதுவும் பழைய சாமானைவிடக் கெட்டியாக. அந்தக் கெட்டித்தனத்தில்தான் மோசம் போனோம்.

வேலை முடிந்ததும் எங்கள் பங்குச்சாமியார் வந்து வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அவர் அந்தப் பக்கம் போனதும், எதுக்கும் இருக்கட்டும் என்று தம்பி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான். அவனுக்கு யார் மேலும் முழு நம்பிக்கை கிடையாது.

வின்ச்சுக்கு எஞ்சினிலிருந்து ஒரு ராடு வரும். ராடும் வின்ச்சும் சேருகிற இடத்தில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு ஆணி. அந்த ஆணி இருந்தால்தான் ராடு சுற்றும்போது வின்ச்சும் சுற்றும். வண்டியோடு வந்த தகரப் பெட்டியில் அதே மாதிரி இன்னும் அஞ்சு ஆணிகள் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடந்தன. எல்லாவற்றிலும் நடுவயிற்றில் சுற்றிவரப் பள்ளமாக ஒரு காடி அறுத்திருந்தது. நல்ல ஆணியை எதுக்கு இப்படி நடுவில் அறுத்து வைத்திருக்கிறான் என்று தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தான். வேலை தெரியாத ஆள் எவனோ என்று பெட்டிக்குள் தூக்கிப் போட்டான்.

முதல் மாசத்திலேயே ஆணி உடைந்தது. அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் கிளச்சைக் கொஞ்சம் வெடுக்கென்று விட்டேன். டொக்கென்று ஒரு சத்தம், வின்ச்சு நின்றுவிட்டது. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினோம். அடுத்த வாரம் அதுவும் உடைந்தது. கூடி நின்றவர்களில் ஒருத்தர், பொம்பளை காலில் கிளச்சைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்றார். என் வீட்டுக்காரரும் சும்மா இல்லாமல், கொஞ்சம் பதனமா விடக் கூடாதா என்றார், அத்தனை பேர் முன்னாடி.

எனக்கு வந்ததே கோபம். இதை விளங்கிக்கொள்ள ஒரு விசயம் சொல்ல வேண்டும். எங்கப்பா இதே மாதிரித் தோட்டங்களில் பண்ணையத்துக்கு இருந்தவர். தாகம் என்றால் கிணற்று மேட்டுக்குக் கீழே நின்று ரெண்டு கையையும் குவிப்பார், மேலேயிருந்து ஊற்றுவார்கள். தோட்டத்துக்காரர்கள் வாயிலிருந்து எங்களுக்கு ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை வந்தது இந்த வண்டி வந்த பிறகுதான். அப்படிப்பட்ட இடத்தில் என் வண்டி டொக்கென்று நின்றால் நான் என்னத்துக்கு ஆவேன்? அன்றைக்கே பஸ் ஏறித் தம்பி லேத்துக்குப் போய், உடையவே உடையாத ஆணி ஒன்று கடைந்து கொடு என்றேன். அவனுக்கும் அது ரோசமாகிவிட்டது. லாரி ஆக்சில் இரும்பில் கடைந்து, தீயில் போட்டு எண்ணெயில் முக்கி, அரம் கூட ஏறாத மாதிரி ஒன்று கொடுத்தான். காடியும் இல்லை, கீடியும் இல்லை. மிச்சம் நாலு காடி ஆணிகளும் எங்கள் ஆட்டுப்பட்டிக் கதவுக்குக் கீலாகவும் தாழ்ப்பாளாகவும் ஆயின.

அதுக்கப்புறம் ஒரு வருசம் வின்ச்சு நிற்கவே இல்லை. நான் நடந்துகொண்ட தோரணையைப் பார்க்க வேண்டும்.

மறு வருசம் சித்திரையில் தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. புருசன் பெண்டாட்டி ரெண்டே பேர், பிள்ளைகள் இல்லை. அஞ்சு போர் போட்டதில் நாலிலும் வெறும் புகைதான் வந்ததாம், அஞ்சாவதில்தான் தண்ணீர். அந்தத் தண்ணீரை நம்பிச் சின்ன வெங்காயம் நட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. காய் இறங்குகிற நேரத்தில் மோட்டார் கருகிவிட்டது. மாற்று மோட்டார் கொண்டுவந்து களத்தில் வைத்திருந்தார்கள். பழசு வெளியே வந்தால்தான் புதுசு உள்ளே போகும். குழாய் அறுந்து உள்ளே விழுந்துவிட்டால் போரே மூடிப்போகும். இன்னொரு போர் போடுகிற நிலைமையில் அவர்கள் இல்லை.

அந்தத் தோட்டத்துக்காரம்மா வண்டிப் பக்கம் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. “அம்மணி, கொழாய் உள்ள உழுந்தராதுங்களே?” என்று கேட்டது.

“உழுகாதுங்க்கா. எங்க ஆணி ஒடையாத ஆணிங்க,” என்றேன் நான்.

இருபதடி இருபதடிக் குழாயாக, பதினேழு குழாய் ஆழம். ஒரு குழாய் மேலே வந்ததும் வீட்டுக்காரர் அடுத்ததைக் கிளாம்ப்பு போட்டு போர் வாயில் உட்கார வைப்பார், மேல் குழாயைக் கழற்றுவார், மறுபடி நான் இழுப்பேன். ஆறு குழாய் வெண்ணெய் மாதிரி வந்தன. ஏழாவதில் நின்றுவிட்டது. உள்ளே பக்கத்துக் கல் சரிந்து மோட்டாரைப் பிடித்திருக்க வேண்டும். நான் இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். எஞ்சின் முக்கியது. வண்டியின் மூக்கு கீழே அமுங்கி, பின் சக்கரம் மண்ணை விட்டுக் கிளம்பியது. அவர் கையை ஆட்டினார். நிறுத்து என்கிறாரா, கொடு என்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. நான் கொடுத்தேன்.

வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வின்ச்சின் வார்ப்பு உடம்பு ரெண்டாகப் பிளந்து, இரும்புக் கயிறு தொய்ந்து, அத்தனை குழாயும் கடகடவென்று கீழே போனது. போய், ஒரு முழம் இறங்கினதும் கிளாம்ப்பு போர் வாயில் மோதி நின்றது. நின்றுவிட்டது. அந்த இடத்தில்தான் ஒரு நிமிசம் முன்னால் அவர் கை இருந்தது. வேர்வை துடைக்க எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். நான் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். தோட்டத்துக்காரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. வெங்காயக் காட்டு வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நானும் மண்ணில் படுத்துப் பார்த்தேன். வின்ச்சு பிளந்து கிடந்தது. ராடு பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு இருந்தது. நடுவில் எங்கள் ஆணி, ஒரு கீறல் இல்லாமல், அன்றைக்குக் கடைந்த மாதிரி மினுமினு என்று இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு அந்தக் காடி ஞாபகத்துக்கு வந்தது. நல்ல ஆணியை நடுவில் அறுத்துவைத்தவன் வேலை தெரியாதவன் இல்லை. தாங்க முடியாத பாரம் வந்தால் வின்ச்சு உடையக் கூடாது, கயிறு அறக் கூடாது, ஆள் சாகக் கூடாது, இந்தச் சுண்டுவிரல் ஆணி ஒன்று மட்டும் உடையட்டும் என்று அளந்து அறுத்து வைத்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அது டொக்கென்று உடைந்து, போதும் நிறுத்து என்று சொல்லியிருக்கிறது. நான் அதை அவமானம் என்று நினைத்து அதன் வாயை அடைத்துப்போட்டேன். மண்ணில் படுத்தபடியே அவரிடம் இதைச் சொன்னேன். அவர் கையை நீட்டி அந்த ஆணியைத் தடவிப் பார்த்தார்.

கிளாம்ப்பை இன்னொரு கிளாம்ப்பு போட்டு இறுக்கி, குழாயை அப்படியே தொங்க விட்டுவிட்டு, நாளான்னைக்கு வந்துவிடுகிறோம் என்று கும்பிட்டுக் கிளம்பினோம். ரெண்டு நாள்தான் வெங்காயம் தாங்கும் என்று தோட்டத்துக்காரர் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக ஆட்டுப்பட்டிக்குப் போய்க் கதவில் இருந்த நாலு ஆணிகளையும் தட்டி எடுத்தேன். கதவு கழன்று விழுந்தது. ஆடுகள் பக்கத்து வீட்டு முருங்கையைப் போய் மேய்ந்துவிட்டன. அந்தச் சண்டை தனிக் கதை.

மறுநாள் வின்ச்சைக் கழற்றித் தம்பி லேத்துக்குக் கொண்டுபோனேன். அவன் பிளந்த வார்ப்பைப் பித்தளை வைத்து ஒட்டினான், ராடு புதுசாகக் கடைந்தான். அப்புறம் அந்த நாலு ஆணிகளையும் வரிசையாக வைத்துக் காடியை வெர்னியரில் அளந்தான். ஒன்றை அளந்தான், அடுத்ததை அளந்தான், மறுபடி முதலாவதை அளந்தான். நாலும் ஒரே அளவு, ஒரு மயிர் வித்தியாசம் இல்லை. லேத்தை நிறுத்திவிட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். எதுக்கும் சீக்கிரம் அசந்துபோகிறவன் இல்லை அவன். அன்றைக்கு அவன் முகத்தில் பூசையில் நிற்கிற களை இருந்தது. யாரென்றே தெரியாத அந்தப் பட்டாளத்துக் கைக்கு முன்னால் நானும் அவனும் சும்மா நின்றோம்.

அதே மெது இரும்பில், அதே காடியோடு, இன்னும் நாலு கடைந்து கொடுத்தான். கொடுக்கும்போது சொன்னான்: “ஏனக்கா, இத்தன வருசத்துல ஒடையறதுக்குன்னு நான் ஒரு சாமான் செஞ்சதில்ல. கை கூசுது.”

சொன்ன நாளில் தாராபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வெங்காயத் தாள் எல்லாம் நுனி மஞ்சளாகித் தலை சாய்ந்திருந்தது. முதல் ஆணி கொஞ்ச நேரத்தில் டொக்கென்றது. நான் கிளச்சை மிதித்தேன். குழாய் அசையவில்லை, ஆனால் எதுவும் விழவும் இல்லை. வீட்டுக்காரர் குழாய் திருகுகிற ரிஞ்சைப் போட்டுக் குழாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் கொடுத்தார், கொஞ்சம் இறக்கினோம், மறுபடி இழுத்தேன். ரெண்டாவது உடைந்தது. மூணாவது, நாலாவது. பட்டாளத்து ஆணி நாலும் தீர்ந்து தம்பியின் ஆணிக்கு வந்தோம். அதிலும் ஒன்று உடைந்தது.

தோட்டத்துக்காரர் அதுவரை தள்ளி நின்றவர் வண்டிப் பக்கம் வந்தார். அவர் கண் வெங்காயக் காட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. “அம்மணி, அந்த ஒடையாத ஆணி வண்டீல இருக்குதுங்களா? அதப் போட்டு ஒரே இழுப்பா இழுத்துப் பாத்தர்லாங்க. வந்தா வருது, போனாப் போவுது,” என்றார்.

இருந்தது. பெட்டியில்தான் இருந்தது. போர் அவருடையது, காடு அவருடையது. அவரே சொன்ன பிறகு நான் மாட்டியிருந்தால் நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் போர் வாயில் குழாயைக் கட்டிப்பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் பெட்டியைத் திறந்து அந்த ஆணியை எடுத்தேன். இறங்கி, களத்துக்குப் பின்னால் கல்லைப் போட்டு மூடியிருந்த வறண்ட போர் ஒன்றுக்குப் போய், கல்லைத் தள்ளி, ஆணியை உள்ளே போட்டேன். அது குழாயில் உரசிக்கொண்டே கீழே போன சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. கல்லை மறுபடி மூடினேன்.

“என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க,” என்றார் தோட்டத்துக்காரர்.

“அது இருந்தா நான் போட்டுருவேனுங்க. அதான்,” என்றேன். பொய் இல்லை. என் புத்தி எனக்குத் தெரியும்.

மூணு ஆணிதான் மிச்சம். ஆறாவதை மாட்டிவிட்டு வீட்டுக்காரர் குழாயை அரை அடி இறக்கச் சொன்னார். இறக்கி, ரிஞ்சில் முழுச் சுற்று திருப்பினார். நான் கிளச்சை ஒரு நூல் ஒரு நூலாக விட்டேன். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அவ்வளவு பதனமாக நான் எதையும் என் ஆயுசில் செய்ததில்லை. கயிறு விறைத்தது. எஞ்சின் முனகியது. வண்டி மூக்கு அமுங்கியது. என் காது முழுக்க அந்த டொக்குக்காகக் காத்திருந்தது. டொக்கு வரவில்லை. உள்ளே எங்கேயோ ஆழத்தில் கல் புரளுகிற சத்தம் குழாய் வழியாக ஏறி வந்தது. அப்புறம் குழாய் விரல் விரலாக மேலே வர ஆரம்பித்தது.

சாயங்காலத்துக்குள் பதினேழு குழாயும் களத்தில் வரிசையாகக் கிடந்தன. கருகின மோட்டார் உடம்பெல்லாம் கல் கீறின தழும்போடு வெளியே வந்தது. அங்கேயே படுத்து எழுந்து, மறுநாள் காலையில் மாற்று மோட்டாரை இறக்கினோம். மூணு பேஸ் கரண்டு வந்ததும் தோட்டத்துக்காரர் சுவிட்ச்சைப் போட்டார். முதலில் காற்று, அப்புறம் செம்மண் கலங்கல், அப்புறம் தெளிந்த தண்ணீர்.

முதல் தண்ணீரைச் செம்பில் பிடித்துக் கிணற்று மேட்டுப் பிள்ளையாருக்கு ஊற்றுவது அந்தப் பக்கத்து வழக்கம். தோட்டத்துக்காரம்மா செம்பு நிறையப் பிடித்துக்கொண்டு வண்டிப் பக்கம் வந்தது. கும்பிடுவதற்கு வழி விட வேண்டுமாக்கும் என்று நான் வண்டியை நகர்த்தச் சொல்லப் போனேன். அந்தம்மா வண்டிக்கு முன்னால் குனிந்து, “எந்த எடத்துலீங்க அம்மணி அது ஒடஞ்சுது?” என்று கேட்டது.

நான் காட்டினேன். பாதிச் செம்புத் தண்ணீரை அந்த ஆணி மேல் ஊற்றியது. ஊற்றிவிட்டு, நிமிர்ந்து, மிச்சத்தைச் செம்போடு என்னிடம் நீட்டியது.

என் கை ரெண்டும் தன்னாலே குவிந்துவிட்டது, எங்கப்பா கை மாதிரி. அந்தம்மா ஊற்றவில்லை. குவிந்த கையிலேயே செம்பை வைத்துவிட்டுப் பிள்ளையாருக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டது. நான் அண்ணாந்து குடித்தேன், பாதி மூக்கில் ஏறிப் புரையேறியது. வீட்டுக்காரர் என் தலையில் தட்டிக்கொண்டே செம்பை வாங்கினார். அந்த ஆறாவது ஆணி அதுக்கப்புறம் ஒரு மாசம் தாங்கியது.